சூரியப் புயலும் காந்த நடுக்கோடும்: இலங்கையின் தலைக்கு மேல் இருக்கும் இன்னொரு வானிலை

2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையில் வெளிநாட்டுச் செய்தி படிக்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை. டித்வா புயல் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. மலையகத்தில் மண் சரிந்தது, ஆறுகள் கரை மீறின. அதே நாளில் ஏர்பஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏ320 குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 6,000 விமானங்களுக்கு உடனடித் திருத்தம் தேவை. கடுமையான சூரியக் கதிர்வீச்சு, பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினியொன்றின் தரவுகளைச் சிதைக்கக்கூடும் என்றது அந்த அறிவிப்பு. ஒக்டோபர் 30ஆம் திகதி மெக்சிகோவின் கன்கூனிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க் நோக்கிப் பறந்த ஜெட்புளூ விமானம் திடீரென உயரம் இழந்து, பயணிகள் காயமடைந்ததை அடுத்தே இந்த எச்சரிக்கை வந்தது. அந்த நேரத்தில் சூரியனில் குறிப்பிடத்தக்க வெடிப்பு எதுவும் இல்லை, வேறெங்கிருந்தோ வந்த அண்டக் கதிராகவும் இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். எப்படியோ, நம் ஊர் விமான நிலையத்திலும் வந்திறங்கும் ஒரு விமான வகையின் பெயரோடு சூரியன் செய்தியில் அடிபட்டது.

அதற்கு இரண்டரை வாரம் முன்னர் நடந்த ஒன்று இங்கே இன்னும் குறைவாகவே பேசப்பட்டது. நவம்பர் 11ஆம் திகதி, இலங்கை நேரப்படி பிற்பகல் 3.34 மணிக்கு, சூரியனில் எக்ஸ்5.1 அளவிலான வெடிப்பு உச்சத்தைத் தொட்டது. ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிற்றலை வானொலித் தொடர்புகள் மங்கின. இலங்கையும் அந்த நேரத்தில் பூமியின் பகல் பக்கத்தில்தான் இருந்தது.

காற்று, மழை, அலை ஆகிய மூன்றையும்தான் வானிலை என்று அறிந்திருக்கிறோம். அவற்றுக்கு மேலே, 60 கிலோமீற்றர் உயரத்திலிருந்து செய்மதிகள் சுற்றும் வெளி வரைக்கும் இன்னொரு வானிலை இருக்கிறது. அதை நடத்துவது சூரியன். அதன் எதிர்வுகூறல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே தடுக்கி நிற்கிறது, பூமியின் இந்த மூலையில் வாழும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

வெளிச்சம், துகள், மேகம்

சூரியனின் மேற்பரப்பில் கருமையாகத் தெரியும் புள்ளிகள், காந்தப்புலம் முறுக்கேறிய இடங்கள். சுற்றியிருக்கும் பரப்பை விட வெப்பம் குறைந்தவை என்பதால்தான் கருமையாகத் தெரிகின்றன. முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டும்போது காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. அப்போது வெளியாகும் சக்தியின் ஒரு பகுதி எக்ஸ்கதிராகவும் புற ஊதாக் கதிராகவும் பாய்கிறது. இதுதான் சூரியச் சுவாலை. இதை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகுக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதன் பத்து மடங்கு. ஒளியின் வேகத்தில் வருவதால் பூமியை அடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். ஆனால் அந்த எட்டு நிமிடமும் நமக்கு எச்சரிக்கைக்கான அவகாசம் அல்ல. வெடிப்பு நடந்தது என்று கருவிகளுக்குத் தெரிவதும் அந்த வெளிச்சம் வந்து சேர்ந்த பிறகுதான்.

சில வெடிப்புகளில் புரோத்தன்களும் முடுக்கப்பட்டுப் புறப்படுகின்றன. பத்துகள் கணக்கான நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் வந்து சேரும் இவை விண்வெளி வீரர்களுக்கும் செய்மதிகளுக்கும் துருவப் பாதையில் பறக்கும் விமானங்களுக்கும் ஆபத்து. நாம் இருக்கும் அகலாங்கில் பூமியின் காந்தப்புலம் நல்ல கேடயமாக நிற்கிறது, ஆகவே இவற்றை இத்துடன் விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் பெரிய புயல்களின் தாய். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து, தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு கோடிக்கணக்கான தொன் பிளாஸ்மா ஒரு மேகமாகப் பிய்ந்து வருகிறது. சிஎம்இ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை பயணம் செய்யும். 1859 செப்டெம்பர் 1ஆம் திகதி ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கரிங்டன் கண்ணால் பார்த்த வெடிப்போடு கிளம்பிய மேகம் ஏறக்குறைய பதினேழரை மணித்தியாலத்தில் வந்து மோதியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகத்தில் பதிவான சரிவு சுமார் 1,600 நனோடெஸ்லா. நம் காலத்தின் பெரும் புயலான 2024 மே புயலில் உலகக் குறியீடு இறங்கியது சுமார் 400. ஒன்று ஒரு நிலையத்தின் அளவு, மற்றது பல நிலையங்களின் சராசரி என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் 1859 எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம்.

வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். 1872 பெப்ரவரி 4ஆம் திகதி பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்தது.

பொதிகையில் தொடங்கிய கணக்கு

திசைகாட்டி முள்ளை மேலும் கீழும் அசையுமாறு தொங்கவிட்டால், வடக்கு நாடுகளில் அது தரையை நோக்கிச் சாயும். அது சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு. புவியியல் நடுக்கோடு இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் கிடக்கிறது; காந்த நடுக்கோடோ தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் தொட்டுச் செல்கிறது. யாழ்ப்பாணமும் கொழும்பும் அதன் அருகாமைக்குள்தான் இருக்கின்றன.

இதை அளக்க வந்தவர்களின் கதை பழையது. திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் அலன் புரூன், 1855இல் பொதிகையின் அகத்தியமலை உச்சியில் ஒரு காந்த அவதானிப்பு நிலையம் அமைத்தார். யானைக்காட்டைத் தாண்டி, ஆறாயிரம் அடிக்கு மேல், மழையிலும் மூடுபனியிலும் ஆட்களை உட்காரவைத்து முள்ளின் அசைவைக் குறிக்கச் செய்தார். காந்தக் கொந்தளிப்புகள் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டவர்களில் அவர் முன்னோடி. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதே முகத்தைப் பூமிக்குத் திரும்பக் காட்டச் சுமார் 27 நாள் ஆகிறது. இன்றும் விண்வெளி வானிலை நிலையங்கள் போன சுற்றில் தொல்லை தந்த பகுதி எப்போது மறுபடி நம் பக்கம் திரும்பும் என்று நாட்காட்டி பார்க்கின்றன.

நூறு வருடம் கழித்து இந்தியா முதல் ரொக்கெட்டை ஏவ இடம் தேடியபோது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலிருந்த தும்பா மீனவக் கிராமத்தைத் தெரிந்ததற்கும் காந்த நடுக்கோடே காரணம். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து முதல் ரொக்கெட் புறப்பட்டது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இன்றும் இதே கோட்டைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது இந்தக் கோட்டில்? பகலில், ஏறக்குறைய 105 கிலோமீற்றர் உயரத்தில், இந்தக் கோட்டின் இருபுறமும் மூன்று பாகை அளவுக்கு ஒடுங்கிய ஒரு பட்டையில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த மின்னோட்டம் பாய்கிறது. வானத்தில் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே இன்னொன்று நடக்கிறது. பகலில் இங்கே மேலெழும் பிளாஸ்மா, நீரூற்றுப் போல உயர்ந்து, காந்தப்புலக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் 15 பாகை தள்ளிப் போய் விழுகிறது. நம் தலைக்கு மேலிருந்து அள்ளி மத்திய இந்தியாவின் மேலே கொட்டுவது போன்ற ஏற்பாடு.

பொழுது சாய்ந்ததும் வேடிக்கை தொடங்குகிறது. அயனமண்டலத்தின் மேல் அடுக்கு சட்டென்று உயர்கிறது, கீழ்ப்பகுதி மெலிகிறது. கனமானது மேலும் இலேசானது கீழும் இருந்தால் என்ன ஆகும் என்பது எண்ணெயின் மேல் தண்ணீர் ஊற்றியவர்களுக்குத் தெரியும். கீழிருந்து வெற்றிடக் குமிழிகள் கிளம்புகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறும் இந்தக் குமிழிகளின் ஊடாக வரும் செய்மதி சமிக்ஞைகள், வெயிலில் தகிக்கும் தார் வீதிக்கு மேலே தெரியும் காட்சி போல நடுங்குகின்றன. மார்ச்-ஏப்ரலிலும் செப்டெம்பர்-ஒக்டோபரிலும், இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரைக்கும் இது அதிகம். சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். ஏக்கலையிலிருந்து சிற்றலையில் ஒலித்த இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், சில இரவுகளில் குரல் அலைபாய்ந்து மங்கித் திரும்பியதை நினைவில் வைத்திருப்பார்கள். சிற்றலை நடுங்க வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் கோட்டின் மேல் அவற்றில் முக்கியமான ஒன்று இந்தக் குமிழிகள்.

பஞ்சம் தந்த வானாய்வகம்

தமிழ் நிலத்தில் சூரியனைத் தினமும் படம் பிடிக்கும் வேலை வானியல் ஆர்வத்தால் மட்டும் தொடங்கவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. உயிர் தப்பிக் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மலையகத்தில் இருக்கிறார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877இலேயே நோர்மன் லொக்கியர் என்ற வானியலாளரும் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரியும் சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார்கள். புள்ளிகளை எண்ணினால் மழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் கொடைக்கானலில் சூரிய வானாய்வகத்தை எழுப்பியது. 1899இல் மதராஸ் வானாய்வகத்தின் பணி மலைக்கு மாறியது. (பஞ்ச காலத்தில் துறைமுகங்கள் வழியாகத் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அதற்கான விளக்கத்தைச் சூரியனில் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.)

மழையை முன்னறியும் கனவு பலிக்கவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே எடுக்கப்பட்டுவந்த சூரியப் படங்கள், நூறு வருடத்துக்கு மேல் நீளும் ஒரு பதிவாக மிஞ்சின. 1909இல் ஜோன் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் அங்குதான். பதினோரு வருடச் சூரியச் சுழற்சியில் அடுத்தது எவ்வளவு உக்கிரமாக இருக்கும் என்று கணிக்க முயல்பவர்கள் இப்போது இந்தப் பழைய கண்ணாடித் தகடுகளுக்குத் திரும்புகிறார்கள். மழைக்காகத் தொடங்கிய பதிவு இந்த இன்னொரு வானிலைக்குப் பயன்பட்டுவிட்டது.

எதிர்வுகூறல் எங்கே தடுக்குகிறது

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். 2024 ஜனவரி 6ஆம் திகதி அது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்ற இடம்தரும் புள்ளி அது. ஆதித்யாவின் ஏழு கருவிகளில் சில சூரியனைப் பார்க்கின்றன. மற்றவை தம்மைக் கடந்து போகும் சூரியக் காற்றையும் அதன் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. அமெரிக்காவின் ஏஸ் 1997இலிருந்தும் டிஸ்கவர் 2015இலிருந்தும் இதே பகுதியில் காவல் இருந்தவை.

எல்1இல் காவல் வைப்பது ஏன் என்று புரிந்தால் எதிர்வுகூறலின் முழுச் சிக்கலும் புரிந்துவிடும். ஒரு மேகம் சூரியனிலிருந்து கிளம்பியதை விண்கலப் படங்களில் பார்க்கலாம். அது நம்மை நோக்கியா, விலகியா, என்ன வேகம் என்பதையெல்லாம் கணினி மாதிரிகள் கணக்கிடும். ஆனால் வந்துசேரும் நேரத்தில் பத்து மணித்தியாலம் முன்பின் ஆவது இன்றும் சாதாரணம். அதை விட முக்கியமான கேள்விக்கு அந்தப் படங்களில் பதிலே இல்லை: மேகம் சுமந்து வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா? வடக்கு என்றால் பூமியின் காந்தப்புலம் பெருமளவு தடுத்துவிடும். தெற்கு என்றால் இரண்டும் பிணைந்து கதவு திறந்துகொள்ளும். ஒரே அளவு, ஒரே வேகம் கொண்ட இரண்டு மேகங்களில் ஒன்று எதுவுமே செய்யாமல் போவதும் மற்றது உலகைக் குலுக்குவதும் இதனால்தான். அது எந்தப் பக்கம் என்பது எல்1ஐத் தொடும்போதுதான் தெரியும்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது? செக்கனுக்கு 400 கிலோமீற்றர் வேகமென்றால் ஒரு மணித்தியாலம். 800 என்றால் அரை மணித்தியாலம். 1859இன் மேகம் அதன் சராசரி வேகத்திலேயே வந்திருந்தால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

2024 மே மாதம் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஒரு பெரிய சூரியப் புள்ளிக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மேகங்களை பூமியை நோக்கி வீசியது. அமெரிக்காவின் போல்டரிலுள்ள எதிர்வுகூறல் நிலையம் 2005க்குப் பிறகு முதன்முறையாக ஜி4 தர முன்னெச்சரிக்கை விடுத்தது. வந்தது ஜி5; அதாவது ஐந்து படிகளில் கடைசிப் படி, 2003 ஒக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. முதல் அதிர்வு தாக்கியது மே 10ஆம் திகதி இலங்கை நேரப்படி இரவு 10.35 மணியளவில். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் விதைப்புக் காலத்தில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் ஓடிய உழவு இயந்திரங்கள் வயலில் நின்றன. கொழும்பில் அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அவ்வளவுதான். அதுவே பகலாக இருந்திருந்தால் நம் மின்னோட்டப் பட்டை அந்த அதிர்வைத் தரையில் பெருக்கிக் காட்டியிருக்கும்.

நமக்கு எங்கே வலிக்கும்

சூரியப் புயல் என்றதும் மின்தடையும் இணைய முடக்கமும்தான் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன. 1989 மார்ச் 13ஆம் திகதி கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு 90 செக்கன்களில் சரிந்து, 60 இலட்சம் பேர் ஒன்பது மணித்தியாலம் இருளில் இருந்தது உண்மை. ஆனால் துருவ ஒளிப் பட்டைக்குக் கீழே, நீண்ட கம்பிகளும் கடினப் பாறையும் கொண்ட நாடு அது. காந்த நடுக்கோட்டருகே பகலில் வரும் அதிர்வுகள் மின்கட்டமைப்புகளைத் தொடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருந்தாலும் நம் அபாயம் அந்த அளவல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது அமைச்சர் சொன்ன காரணம் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏறிய குரங்கு. சூரியனுக்கு முன்னால் திருத்த வேண்டியவை இங்கே நிறைய உண்டு. கடலடிக் கேபிள்களின் கதையும் ஏறக்குறைய அப்படியே. கண்ணாடி இழையில் ஓடும் ஒளியைப் புயல் தொடாது. வழியிலுள்ள பெருக்கிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் செப்புக் கடத்தியே கவலைக்குரியது. அதிலும் வட அத்திலாந்திக் கேபிள்களுக்கே கூடுதல் ஆபத்து. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் சேவையைப் பற்றிச் சொல்வதானால், 2022 பெப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலில் மேல் வளிமண்டலம் சற்றே பருத்ததால் புதிதாக ஏவிய 49 செய்மதிகளில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனம் இழந்தது.

நமக்கு உண்மையில் வலிக்கும் இடம் கடல். நீர்கொழும்பிலிருந்தும் பேருவளையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளுக்குக் கரையோடு பேச நெடுங்காலமாக இருப்பது சிற்றலை வானொலி. எக்ஸ் வகைச் சுவாலை ஒன்று வெடித்தால், பகல் பக்கத்தில் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனமண்டல அடுக்கு தடித்து, சிற்றலையைத் தெறிக்க விடாமல் உறிஞ்சிவிடும். சூரியன் உச்சிக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் உறிஞ்சல் மிகுதி. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும் நமது கடலில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2017 செப்டெம்பர் 6ஆம் திகதி, இர்மா சூறாவளி கரிபியன் தீவுகளைத் தாக்கிய அதே நாளில், எக்ஸ்9.3 சுவாலை வெடித்து அங்கே அவசரகால வானொலித் தொடர்புகளை முடக்கியது. நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி, படகுகளைக் கரைக்கு அழைக்கும் அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும் ஒரு மதிய வேளையில் இது நடந்தால் என்ன ஆகும்? கரையிலிருப்பவர் படகு பதில் தரவில்லை என்று நினைப்பார். படகிலிருப்பவர் கருவி பழுது என்று நினைப்பார். இருவருக்கும் காரணம் தெரியாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல்சார் எதிர்வுகூறல் காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் மூன்று மொழிகளிலும் சொல்கிறது. போல்டரின் எச்சரிக்கைகள் யாரும் இலவசமாகப் பெறக்கூடியவை. "இன்று பகல் சிற்றலை தடைப்படலாம்" என்று ஒரு வரியை அதில் சேர்க்கப் புதிய செய்மதியும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம்.

சூரியனின் தற்போதைய சுழற்சி 2019 டிசெம்பரில் தொடங்கி 2024இன் பிற்பகுதியில் உச்சத்தைத் தாண்டியது. ஆனால் இறங்குமுகத்திலும் பெரியவை வரும். 2003 ஒக்டோபர்-நவம்பர் புயல்கள் அப்போதைய உச்சம் கழிந்து ஓரிரு வருடத்துக்குப் பின் வந்தவைதான். ஆகவே இன்னும் சில வருடங்களுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது: நல்ல பகலில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் செத்தது போல மௌனமானால், கருவியைக் கழற்றுவதற்கு முன் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை பொறுத்துப் பாருங்கள். பிறகு உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்து முயன்று பாருங்கள், அதுதான் முதலில் உயிர் பெறும். சித்திரையிலும் புரட்டாதியிலும் இரவு எட்டு மணிக்கு மேல் ஜிபிஎஸ் திரையில் படகின் இடம் துள்ளினால், அந்த ஒரு கருவியை மட்டும் நம்பித் துறைமுக வாயிலுக்குள் திரும்ப வேண்டாம்.